ஆட்காட்டி ஏன் கத்துகிறது, அம்சா

அம்சா கண்ணு,

முதலில் ஒரு சத்தியம். நம் மாட்டுக்கொட்டகையின் நடுக்கம்பத்தின் மேல் வலக்கையை வைத்து, உன் சின்னம்மா ராஜத்தைச் சாட்சியாக நிறுத்திச் சொல்கிறேன். சாட்சி பாதியிலேயே "எனக்கு வேலை கீது" என்று அடுப்படிக்குப் போய்விட்டாள். அதனால் எருமையைச் சாட்சியாக வைத்துக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தில் நான் எழுதப்போகும் கதையை நீ நம்பமாட்டாய். சந்திரகிரியில் யாரும் நம்பமாட்டார்கள். புத்தூர், நகரி, திருத்தணி என்று எந்த ஊரிலும் ஒரு ஜீவன் நம்பாது. எவனாவது நம்பிவிட்டால் அது எனக்கு அவமானம். இத்தனை வருஷம் பொய் சொல்லி நான் சம்பாதித்த பெயர் என்ன ஆவது? ஆகையால் நீ நம்பாமலே படி. ஆனால் கடைசிவரை படி. உன் வீட்டில் வேறு யாருக்கும் தமிழ் எழுத்துத் தெரியாது என்பதால், உன் மாமியாரைப் பற்றி நல்லதாக மட்டுமே எழுதப்போகிறேன். திட்டி எழுதி, அதை யாரும் படிக்காமல் போனால், திட்டியது வீண்தானே.

நான் எழுத உட்கார்ந்த காரணத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். உனக்கு இது தலைப்பிரசவம். பெண்ணை அழைத்துவந்து பிரசவம் பார்ப்பது பிறந்த வீட்டுக் கடமை. உன் நைனா, என் அண்ணன், நீ நடக்கப் பழகும் முன்னே போய்ச் சேர்ந்தார். உன் அம்மாவும் அவர் பின்னாலேயே போய்விட்டாள். அன்றிலிருந்து உன் பிறந்த வீடு நானும் ராஜமும்தான். ஆனால் போன வாரம் உனக்கு வளையல் அடுக்க நாங்கள் சந்திரகிரிக்கு வந்தபோது, பிள்ளை பிறப்பது அங்கேயே என்று முடிவாகியிருந்தது. உன் மாமியார் கேட்டார், நீ தலையாட்டினாய். அந்தத் தலையாட்டலைத்தான் நான் ஒரு வாரமாக மென்றுகொண்டிருக்கிறேன். அது ஆமாம் என்கிற ஆட்டலா, வேறா என்று எனக்குப் புரியவில்லை. புரியாத விஷயம் வந்தால் நான் என்ன செய்வேன் என்று உனக்குத் தெரியும். மிருகங்களிடம் போவேன்.

வெதுருகுப்பம் பக்கத்திலிருந்து வாங்கிவந்த நம் எருமையை நினைத்துப்பார். வந்த புதிதில் அவளுக்குத் தெலுங்கு மட்டும்தான் தெரியும். நான் தமிழில் தட்டிக்கொடுத்தால் என்னைக் கொள்ளைக்காரனைப் போலப் பார்ப்பாள். காம்பில் கைவைத்தால் உதைப்பாள். அந்த உதையில் நான் ஒருமுறை நாகலாபுரம் வரைக்கும் பறந்துபோய், அங்கே மோர் வாங்கிக் குடித்துவிட்டு, நடந்து திரும்பினேன். பிறகு ராஜம் போய் "ராம்மா, ராம்மா" என்று தெலுங்கில் கூப்பிட்டுக் கறந்தாள். செம்பு நிறைந்து, குடம் நிறைந்து, பக்கத்து வீட்டு அண்டாவும் நிறைந்தது. மாசம் ஒன்று போயிற்று. எருமை மெல்லத் தமிழ் கற்றது. இப்போது காலையில் தமிழுக்குக் கறக்கிறாள், சாயங்காலம் தெலுங்குக்குக் கறக்கிறாள். ஆனால் ஒன்று. கன்றைக் கூப்பிடும்போது மட்டும் அவள் இரண்டு பாஷையையும் தொடுவதில்லை. அவளுடைய பழைய எருமைக் குரலில்தான் கூப்பிடுகிறாள். அந்தக் குரலைக் கேட்டால் நானே ஓடிப்போய் முட்டிப் பால் குடிக்கலாமா என்று இருக்கும்.

விராலை எடுத்துக்கொள். ஏரி வற்றினால் கெண்டை துடிக்கும், கெளுத்தி துடிக்கும், விரால் துடிக்காது. சேற்றுக்குள் தலையைச் சொருகிக்கொண்டு மழை வரைக்கும் கிடக்கும். ஒரு வைகாசியில் ஏரி நடுவில் மண் வெட்டும்போது என் மண்வெட்டியில் ஒன்று சிக்கியது. கண்ணைத் திறந்து, கொட்டாவி விட்டு, "மழ வந்துட்ச்சா நைனா?" என்று கேட்டது. "இன்னும் இல்ல" என்றேன். "அப்ப எதுக்கு எழுப்பன?" என்று கோபித்துக்கொண்டு மறுபடியும் மண்ணை இழுத்துப் போர்த்திக்கொண்டது. திருமலைக்குப் போகிற படிக்கட்டுக் குரங்கோ அதற்கு நேர்மாறு. ஒளிவதே கிடையாது. வருகிற பக்தர் எந்த ஜில்லா என்று பொட்டலம் முடிந்திருக்கும் விதத்தை வைத்தே சொல்லிவிடும். சித்தூர்க்காரரிடம் பிடுங்கும், கடப்பைக்காரரிடம் கெஞ்சும், மதராஸ்காரரிடம் குட்டியைக் காட்டி இரக்கம் சம்பாதிக்கும். நம் ஆடோ, கீழே புல் இல்லையென்றால் இரண்டு காலில் எழுந்து நின்று வேலமரத்தில் மேயும். ஒரு பஞ்சத்தில் அப்படி எழுந்து நின்ற ஆடு பருவமழை வரைக்கும் கீழே இறங்கவே இல்லை. வரி வசூலிக்க வந்தவர் அதைக் குடும்பத்தலைவர் என்று நினைத்துக் கும்பிட்டுப் போனார்.

இவர்களெல்லாம் பிழைக்கத் தெரிந்தவர்கள். ஒருவரையும் நான் குறைசொல்லமாட்டேன். ஓணான் நிறம் மாறினால் அதைத் துரோகி என்று கல்லால் அடிக்கிறார்களே, அவர்கள் வெயிலில் கறுக்காமல் இருந்து காட்டட்டும், பார்க்கலாம். ஆனால் பிழைக்கிற வித்தையில் நம் ஊர்க்காரர்களை மிஞ்ச எந்த ஓணானும் பிறக்கவில்லை. அதுதான் நான் சொல்லவந்த கதை.

ஆந்திரா ஒரு பக்கம், மதராஸ் ஒரு பக்கம் என்று பிரித்துவிட்டு, நடுவில் இருக்கிற நம் ஊர்கள் யாருக்கு என்று இழுத்துக்கொண்டிருந்த காலம் உனக்கு நினைவிருக்கும். நீ அப்போது பாவாடையை இழுத்துச் சொருகிக்கொண்டு பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாய். எந்த ஊர் எந்தப் பாஷை பேசுகிறது என்று பார்க்க ஒரு அதிகாரி வரப்போகிறார் என்று ஊரில் பேச்சு எழுந்தது. அவர் கையில் காகிதம் இருக்காதாம், பேனா இருக்காதாம், இரண்டு காது மட்டும்தான் இருக்குமாம். ஊருக்குள் நடந்துபோவாராம். காதில் தமிழ் விழுந்தால் மதராஸ், தெலுங்கு விழுந்தால் ஆந்திரா. அந்தக் காதுகளைப் பற்றி நான் கேள்விப்பட்டதைச் சொன்னால் நீ பயந்துபோவாய். ஒவ்வொன்றும் முறம் அளவு. காற்றடிக்கும் நாளில் அவரை இரண்டு பேர் பிடித்துக்கொள்ள வேண்டுமாம்.

ஊரே தயாரானது. எனக்குத்தான் தலைமை. வேறு யாருக்குக் கொடுப்பார்கள்? அரசமரத்தடியில் எல்லாரையும் நிற்கவைத்துத் தமிழில் வரவேற்புப் பேசக் கற்றுக்கொடுத்தேன். பேச்சு எழுதியதும் நான்தான். அதில் நெருப்பு இருந்தது, வெள்ளம் இருந்தது, கண்ணீர் இரண்டு இடத்தில் இருந்தது. கேட்ட காக்கைகள் கிளையிலிருந்து மயங்கி விழுந்தன. ராஜம் மட்டும் புளி ஆய்ந்துகொண்டே சொன்னாள்: "எல்லாஞ் சரிய்யா. வர்ற ஆளு தெலுங்குல கேட்டா இன்னா பண்ணுவீங்க?"

"தமிழ்ல சொல்லுவோம்" என்றேன் நெஞ்சை நிமிர்த்தி.

"நீங்களா? வாசல்ல யாருனா நின்னு தெலுங்குல தண்ணி கேட்டா தெலுங்குலதானே சொம்ப நீட்டறீங்க? உருதுல கேட்டவனுக்குக்கூட உருதுல நீட்டனீங்களே. ஒங்களுக்கு உருதுல ரெண்டு வார்த்தைகூட தெரியாது!"

அது உண்மைதான் அம்சா. நம் ஊர்ப் பழக்கம் அது. வந்தவர் எந்தப் பாஷையில் வாய் திறக்கிறாரோ, நாமும் அதிலேயே திறப்போம். அவரைத் திணறவைக்கக் கூடாது, அவ்வளவுதான். யாரும் சொல்லித்தந்ததில்லை. தாய்ப்பாலிலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அதிகாரி வந்தார். ஜீப்பிலிருந்து ஒல்லியாக, தொப்பி வைத்துக்கொண்டு, சாதாரண அளவு காதுகளோடு இறங்கினார். ஊருக்கே கொஞ்சம் ஏமாற்றம். இறங்கியவர் சிரித்த முகத்தோடு எங்களைப் பார்த்துத் தெலுங்கில், "பாகுன்னாரா?" என்று நலம் கேட்டார்.

செத்தோம். ஊர் முழுவதும் ஒரே வாயாக, "பாகுன்னாமண்டி! ரண்டி, ரண்டி! கூர்ச்சோண்டி!" என்றது. நாற்காலி வந்தது, விசிறி வந்தது, இளநீர் வந்தது, எல்லாம் தெலுங்கில் வந்தன. நான் பேச்சைத் தொடங்கினேன். மனப்பாடம் செய்தது தமிழ். வாயில் வந்தது தெலுங்கு. நான் நிறுத்தப் பார்த்தேன், நாக்கு நிற்கவில்லை. எங்கள் தாய்மொழி தமிழ், நாங்கள் தமிழை மூச்சாக விடுகிறோம், எங்களைத் தமிழர்களோடு சேர்த்துவிடுங்கள் என்று அத்தனை அழகான தெலுங்கில் கிருஷ்ணா நதிக்கரையிலும் எவனும் பேசியிருக்கமாட்டான். கண்ணீர் வரவேண்டிய இரண்டு இடத்திலும் சரியாக வந்தது. அதிகாரி தொடையைத் தட்டி ரசித்தார். பேச்சு நன்றாக இருக்க இருக்க, அதில் சொன்னதை அவர் நம்பாமல் போய்க்கொண்டிருந்தார். அவர் முகத்தில் அது தெரிந்தது. நானோ இன்னும் நன்றாகப் பேசினேன்.

அவர் எழுந்தார். ஜீப் நின்ற இடத்துக்குக் குறுக்கு வழியாக, நம் வேர்க்கடலைக் கொல்லைக்குப் பக்கத்துத் தரிசில் நடந்தார். ஊர் பின்னால் போனது. அப்போதுதான் அந்த ஆட்காட்டி வந்தது. மூக்கோரம் சிவப்பு, மஞ்சள் கால், நெட்டைக் குருவி. நீ பார்த்திருக்கிறாய். தரையில் விழுந்து, ஒரு ரெக்கையை இழுத்துக்கொண்டு, துள்ளித் துள்ளி, உயிர் போகிற மாதிரி கத்தியது. அந்த நடிப்பைப் பார்த்திருந்தால் மதராஸ் கூத்துக்கொட்டகைக்காரர்கள் அத்தனை பேரும் தொழிலை விட்டுவிட்டு ஏர் பிடிக்கப் போயிருப்பார்கள். அதிகாரி பதறிப்போனார். பதறியவுடன் அவர் வாயிலிருந்து வந்தது என்ன தெரியுமா?

"ஐயையோ, ரெக்க ஒடிஞ்சிட்ச்சே பாவம்! யாராவது புடிங்களேன்!"

தமிழ். நம் பக்கத்துத் தமிழ். சோளிங்கரமோ ஆற்காடோ, அவர் பிறந்தது நமக்குக் கூப்பிடு தூரத்தில். காலையிலிருந்து அவர் எங்களுக்கு மரியாதை கொடுத்துத் தெலுங்கு பேசியிருக்கிறார். நாங்கள் அவருக்கு மரியாதை கொடுத்துத் தெலுங்கு பேசியிருக்கிறோம். ஒரு ஊர் தமிழர்களும் ஒரு தமிழரும் வெயிலில் உட்கார்ந்து தெலுங்கில் இளநீர் குடித்திருக்கிறோம்!

அதற்குள் ஆட்காட்டி அவரைத் தூரமாக இழுத்துக்கொண்டு போய்விட்டு, ஒடிந்த ரெக்கையை விரித்து ஜம்மென்று பறந்துபோனது. ஏமாந்த மனிதர் இடுப்பில் கை வைத்துச் சிரித்தார். பிறகு எங்களைத் திரும்பிப் பார்த்தார். எல்லாருடைய வாயும் பிளந்திருந்ததைக் கவனித்தார். அவர் முகம் மாறியது. "ஏன்யா," என்றார் தமிழில், மெதுவாக, "நெசமாவே நீங்கள்லாம் தமிழா?"

இதோ, காத்திருந்த நொடி. மாநிலங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றன. இந்தப் பக்கம் ஆந்திரா எட்டிப் பார்த்தது, அந்தப் பக்கம் மதராஸ் எட்டிப் பார்த்தது. ஊர் முழுவதும், நான் உட்பட, கைகட்டி நின்றவர்கள், தோளில் குழந்தை வைத்திருந்தவர்கள், நாய்கள், எல்லாரும் ஒரே குரலில் பதில் சொன்னோம்:

"அவுனண்டி!"

ஆமாம், தமிழர்தான் என்று தெலுங்கில் சொன்னோம் அம்சா. அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

திரும்பி ஜீப்பை நோக்கி நடந்தார். குருவி மறுபடியும் வந்தது. இந்த முறை நடிக்கவில்லை. நேராக அவர் தொப்பியை நோக்கிப் பாய்ந்து, காது கிழியக் கத்தியது. எடுத்த காலைக் கீழே வைக்காமல் அவர் அப்படியே நின்றார். நின்ற காலுக்கும் எடுத்த காலுக்கும் நடுவில் இருந்தது வெறும் கூழாங்கல் என்றுதான் எனக்கும் தோன்றியது. ராஜம் குனிந்து விரலால் காட்டிய பிறகுதான் அதில் நாலு, கல் அல்ல, முட்டை என்று தெரிந்தது. புள்ளிபுள்ளியாக மண் நிறம். கூடு கிடையாது, குச்சி கிடையாது. கல்லோடு கல்லாகப் போட்டிருந்தது. கொஞ்சம் ஈரமாகவும் இருந்தது. கோடையில் அது குட்டைக்குப் போய் வயிற்றுத் தூவியை நனைத்துக்கொண்டு வந்து, முட்டைமேல் உட்கார்ந்து குளிரவைக்கும். அதுவும் இல்லையென்றால் அந்த வெயிலில் முட்டை வெந்தேபோகும்.

அதிகாரி காலை மெல்லப் பின்னால் வைத்தார். "இவ்ளோ அழகா ஒளிச்சி வெச்சிட்டு, அப்புறம் ஏம்மா இந்தக் கத்து கத்துது? கத்தாம இருந்தா யாருக்குமே தெரியாதே" என்றார்.

ராஜம் நிமிர்ந்தாள். அன்றைக்கு நம் ஊராரில் அவரிடம் தமிழில் பேசிய ஒரே ஆள் அவள்தான். "ஒளிச்சி வெச்சதாலதான் கத்துது சார். பருந்துக்குத் தெரியக் கூடாதுன்னு கல்லு மாதிரி முட்ட போடுது. ஆனா நல்ல மனுசன் காலுக்கும் அது கல்லு மாதிரிதானே தெரியும்? நீங்க கால்ல மெரிக்கணும்னு வந்தீங்களா? இல்லையே. ஒங்களுக்குத் தெரியாது. அத்தொட்டுதான் சொல்லுது."

அவர் தொப்பியைக் கழற்றிக் குருவிக்கு ஒரு கும்பிடு போட்டார். அந்த முட்டைகளுக்கு மரியாதை கொடுத்து அந்த இடத்தில் எல்லைக்கோட்டையே வளைத்துப் போட்டார் என்று நான் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தேசப்படத்தில் பார், கோடு கோணிக்கொண்டு போகும். என்ன செய்வது, வளைத்தவர் கொஞ்சம் அந்தப் பக்கமாக வளைத்துவிட்டார். குருவி மதராஸுக்குப் போனது, நாம் ஆந்திராவில் நின்றோம். திருத்தணிக்காரர்கள் தப்பித்தோம் என்கிறார்கள். நமக்கும் ஒன்றும் குறைந்துபோகவில்லை. மழை இரண்டு பக்கமும்தான் பெய்கிறது. ஆனால் கேட்டபோது நம் வாயால் நாம் சொல்லவில்லை என்கிற ஒன்று மட்டும் ஊருக்குள் ஒரு முள்ளாகக் கிடக்கிறது. எடுக்கவும் முடியவில்லை, மறக்கவும் முடியவில்லை.

இப்போது சந்திரகிரிக்கு வருகிறேன். உன் மாமியார் நல்ல மனுஷி. இதை யாரும் படிக்கப்போவதில்லை என்பதற்காகச் சொல்லவில்லை. வளையல் அடுக்கும்போது உன் கை வலிக்கிறதா என்று நொடிக்கு ஒருமுறை கேட்டார். முதல் சங்கடி உருண்டையை உன் தட்டில்தான் வைத்தார். நாம் களி என்கிறோம், அவர்கள் சங்கடி என்கிறார்கள், உருண்டை ஒன்றுதான், நீயும் அதையே விழுங்குகிறாய். உன்னைப் பற்றி ராஜத்திடம் அவர் தெலுங்கில் சொன்னதைக் கேட்டு எனக்கு இரண்டு அடி உயரம் கூடியது. வாசல்நிலையில் தலை இடித்தது. "உங்க பொண்ணு வேற வீட்டுலேர்ந்து வந்தவ மாதிரியே இல்ல. இங்கேயே பொறந்தவ மாதிரி இருக்குறா. இது வேணும்னு கேட்டதில்ல, இது வேணாம்னு சொன்னதில்ல" என்றார். சபையில் எல்லாரும் ஆகா என்றார்கள். ராஜம் மட்டும் என் விலாவில் முழங்கையால் ஒரு இடி இடித்தாள். அந்த இடம் இன்னும் கன்றிப்போய் இருக்கிறது, வந்தால் காட்டுகிறேன்.

அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது. "திருப்பதியில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது, பஸ் ஏறினால் கொஞ்ச நேரம், ஆபத்து அவசரம் என்றால் நாங்கள் பக்கத்தில் இருக்கிறோம். அத்தனை தூரம் எதற்கு அவளை அலைக்கழிக்க வேண்டும்? அவளுக்கும் இங்கேதான் இஷ்டம். அவுனா தல்லி?" என்று உன்னைப் பார்த்தார். நியாயமான பேச்சு. ஒரு வார்த்தை தப்பில்லை. நீ தலையாட்டினாய். சின்ன வயசில் விளக்கெண்ணெய் கரண்டியை நீட்டினாலும் இப்படித்தான் ஆட்டுவாய். ஆட்டிக்கொண்டே பின்னால் நகர்ந்து கதவோரம் போய் நிற்பாய். அன்றைக்கு நகர இடமில்லை. இரண்டு பக்கமும் வளையல் போட வந்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

நான் அங்கேயே கேட்டிருக்கலாம். "அம்சா, நெசமாவா?" என்று ஒரு வார்த்தை. சம்பந்தி வீட்டு விருந்தாளி நான். கேட்பது மரியாதையில்லை என்று வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தேன். கிளம்பும்போது நீ வாசல்வரை வந்தாய். பின்னால் உன் மாமியார், மாப்பிள்ளை, அவர் தங்கைகள். நீ என்னைப் பார்த்து, "வெள்ளி ரண்டி, சின்னாயனா" என்றாய். போய்வாங்க என்று நீ எனக்குத் தெலுங்கில் சொன்னாய். நானும் "வஸ்தானம்மா" என்றேன். தூக்கி வளர்த்த ஆளும், தோளில் தூங்கிய பெண்ணும்! தெருமுனையில் நான் திரும்பிப் பார்த்தபோது நீ இன்னும் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாய். மற்றவர்கள் உள்ளே போய்விட்டார்கள். உன் வாய் எதையோ சொல்லத் திறந்தது, பிறகு மூடிக்கொண்டது. பஸ்ஸில் ஏறினோம். நான் அழுத அழுகையில் ரேணிகுண்டா தாண்டி பஸ்ஸுக்குள் வெள்ளம் வந்து, கண்டக்டர் மூட்டைகளைக் கூரைமேல் ஏற்றினார். ஒரு ஆள் தூண்டில் போட்டு விரால் பிடித்தான்.

வீட்டுக்கு வந்ததும் ராஜம் சொன்னாள்: "அவ தல ஆட்டனதுக்கு வேணாம்னு அர்த்தம்."

"வேணும்னும் இருக்கலாமே" என்றேன்.

"இருக்கலாம். அவ சொல்லட்டும். அவுங்க நல்லவுங்கதான்யா, அந்தப் பொண்ண யாரும் கால்ல மெரிக்க நெனைக்கல. ஆனா அவ அங்க கல்லோட கல்லா கெடக்குறா. யாருக்குத் தெரியும்?"

ஆகையால் கண்ணே, உனக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். தெலுங்கை விடாதே. அதை நீ அழகாகப் பேசுகிறாய், உன் பிள்ளைக்கும் அது வேண்டும். சங்கடியைச் சங்கடி என்றே சொல்லித் துன்னு. அந்த வீட்டின் நிறம் உன்மேல் ஏறட்டும், அதில் வெட்கமில்லை. வெயிலுக்குத் தகுந்த நிறம் இல்லாமல் எந்த உயிரும் நிலைத்ததில்லை. ஆனால் உனக்குள் ஒன்று வேண்டும் என்று இருந்தால், அல்லது வேண்டாம் என்று இருந்தால், அதை வாய்விட்டுச் சொல். நல்லவர்களிடம்தான் முதலில் சொல்லவேண்டும். கெட்டவர்களிடம் சொல்லி என்ன பயன்? மாப்பிள்ளையிடம் சொல். உன்னைப் பார்க்கும்போதெல்லாம் அவர் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொள்கிறார், நான் கவனித்தேன். அப்படிப்பட்ட மனிதன் காது கொடுப்பான். மாமியாரிடம் சொல். அவர் மனம் கொஞ்சம் சுருங்கும், பிறகு தானே விரியும். தமிழிலோ தெலுங்கிலோ சொல், எருமைக் குரலில் வேண்டுமானாலும் சொல். அங்கேயே இருக்க ஆசையென்றால் அதையும் சொல். ராஜம் மூட்டையைக் கட்டிக்கொண்டு அங்கே வந்து உன் தலைமாட்டில் உட்காருவாள். சம்பந்தியம்மாவும் அவளும் ஒரே அடுப்படியில் என்ன ஆவார்கள் என்று ஏழுமலையானுக்கே தெரியாது. அது உன் கவலை இல்லை, அவன் கவலை.

வருகிற வெள்ளிக்கிழமை நாங்கள் மறுபடியும் வருகிறோம். பலகாரம் கொடுக்க என்று சொல்லிக்கொண்டு வருவோம். கூடத்தில் எல்லாரும் இருக்கும்போது நான் உன்னை ஒரே ஒரு கேள்வி கேட்பேன். சத்தமாக, தமிழில், மரியாதையெல்லாம் மூட்டைகட்டி வைத்துவிட்டுக் கேட்பேன்: "அம்சா, ஊருக்கு வர்றியாமா?" யாரும் உனக்காகப் பதில் சொல்லமாட்டார்கள், நானும் சொல்லமாட்டேன். நீ தலையாட்டக் கூடாது. தலையாட்டினால் மறுபடியும் கேட்பேன். சாயங்கால பஸ் போனாலும் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருப்பேன்.

இவ்வளவுதான் கதை. எருமைக்குப் பாஷை தெரியாது, அது உனக்குத் தெரியாததா. அதிகாரி வந்ததும் இல்லை, காதும் இல்லை, கோடு வளைந்ததும் இல்லை. பஸ்ஸில் வெள்ளம் வரவில்லை, நான் அழவும் இல்லை, கண்ணில் தூசி விழுந்தது. எல்லாம் பொய். அந்த நிலைக்கதவில் நீ வாயைத் திறந்து மூடினாயே, அந்தச் சின்ன விஷயம் மட்டும் உண்மை. அதை நான் பார்த்தேன் அம்சா.